முட்டைக்கு இரண்டு வாசல்

கோழிக்குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைகளை அடைக்கு வைப்பதற்கு முன் புகையூட்டுவது நெடுநாள் வழக்கம். மூடிய அறைக்குள் ஒரு சட்டியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் போட்டு, அதன்மேல் ஃபார்மலினை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட வேண்டும். நூறு கன அடிக்கு 20 கிராம் பெர்மாங்கனேட், 40 மில்லி ஃபார்மலின் என்பது அடிப்படைக் கணக்கு. கிருமி மிகுந்திருந்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போடுவார்கள். பொங்கிக் கிளம்பும் ஃபார்மால்டிஹைடு வாயு இருபது நிமிடத்தில் ஓட்டின் மேலுள்ள கிருமிகளைத் தீர்த்துவிடும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தொழில் தெரிந்தவர்கள் ஒரு விதியை மட்டும் மீற மாட்டார்கள்: அடைக்கு வைத்து 24 மணி நேரம் ஆனதிலிருந்து 96 மணி நேரம் முடியும்வரை முட்டைகளுக்கு இந்தப் புகையைக் காட்டக் கூடாது. காட்டினால் கரு செத்துப்போகும்.

காற்று மாசு பறவைக் கருவை என்ன செய்கிறது என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த விதியைத்தான். ஓடு அடைத்த சுவர் அல்ல, வெளிக்காற்றில் இருப்பது உள்ளே போகும் என்பது இதில் அடங்கியிருக்கிறது. ஒரே நஞ்சு, ஒரே அளவு, நாள் மாறினால் விளைவும் மாறும் என்பதும் அடங்கியிருக்கிறது. அந்த மூன்று நாட்களில்தான் முட்டைக்குள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல் மூடுகிறது. மஞ்சள்கருவின் மேல் ரத்தக் குழாய்கள் வலைபோலப் படர்கின்றன. கோழி முட்டையில் மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் ஒரு ரத்தப் புள்ளி துடித்து நகர்வதைக் காணலாம் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். அவர் கண்ட அந்தத் துடிப்பும் பொரிப்பகத்தார் அஞ்சும் நாட்களும் ஒன்றே.

முட்டை மூச்சுவிடுகிறது என்றால் கவிஞர் பேச்சுபோலத் தோன்றும். 1970களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹெர்மன் ரானும் சார்லஸ் பகனெல்லியும் ஆமோஸ் ஆரும் அந்த மூச்சை லிட்டர் கணக்கில் அளந்து காட்டினார்கள். 60 கிராம் எடையுள்ள ஒரு கோழி முட்டை, குஞ்சு பொரியும் 21 நாட்களுக்குள் ஏறத்தாழ 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. நாலரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடையும் 11 லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. இத்தனையும் ஓட்டிலுள்ள சுமார் 10,000 நுண்துளைகள் வழியாக. காற்றை உந்தித் தள்ள அங்கே தசையும் இல்லை, விலா எலும்பும் இல்லை. வாயு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு மூலக்கூறுகள் தாமாகப் பரவுகின்றன, அவ்வளவுதான். ஓட்டின் உட்புறத்தை ஒட்டி ரத்தக் குழாய் நிறைந்த ஒரு சவ்வு விரிந்திருக்கிறது. கருவின் தற்காலிக நுரையீரல் அது. உண்மையான நுரையீரல் வேலையைத் தொடங்குவது 19ஆம், 20ஆம் நாள் வாக்கில், குஞ்சு தன் அலகால் காற்றறையின் சவ்வைக் கிழித்து முதல் மூச்சை இழுக்கும்போது.

இதைத் தெரிந்துகொண்டால் எளிதாக விழக்கூடிய ஒரு பள்ளத்தைத் தாண்டிவிடலாம். பிஎம் 2.5 என்னும் நுண்தூசியின் விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் கீழ். கோழி முட்டையின் நுண்துளை சராசரியாக 17 மைக்ரோமீட்டர் அகலம். துளையைவிடத் தூசி சிறியது, ஆகவே உள்ளே போகிறது, கருவைக் கொல்கிறது என்று கணக்கை முடித்துவிடத் தோன்றும். தப்புக் கணக்கு. துளைக்குள் காற்று வீசுவதில்லை, மூலக்கூறுகள் பரவுகின்றன. ஒரு வாயு மூலக்கூறோடு ஒப்பிட்டால் தூசித் துகள் மலை. அது நகர்வதற்குள் ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்ளும். துளையின் வாயில் மெழுகுபோன்ற மேற்பூச்சு படிந்திருக்கிறது. துளையைத் தாண்டினால் நார்களால் பின்னிய இரண்டு சவ்வுகள் சல்லடைபோல நிற்கின்றன. மனிதரின் நுரையீரலுக்குள் இந்தத் தூசி ஆழமாகப் போவதற்குக் காரணம் நாம் அதை உறிஞ்சி இழுப்பதுதான். கருவோ கடைசி இரண்டு நாள் வரை எதையும் இழுப்பதில்லை.

வாயுக்களுக்கு இந்தத் தடை கிடையாது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் போலவே துளை வழியே பரவிப்போய், கருவின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கோழி முட்டைகளை இந்த வாயுவில் வைத்துப் பார்த்தார்கள். பொரிப்பு குறைந்தது, கால் எலும்புகள் கோணலாயின. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட அளவு நூற்றுக்கணக்கான பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் சில நூறு பங்கு. நெரிசலான நகரத் தெருவிலும் அந்த வாயு சில பிபிஎம் அளவில்தான் இருக்கும். ஆகவே மரக்கிளையில் கூடு கட்டும் பறவையின் கருவை இந்த வழியில் கொல்ல, மூடிய அறையோ எரியும் காடோ வேண்டும்.

இன்னொரு வகைப் பொருளும் ஓட்டைக் கடக்கும். பறவைகளின் இறகில் ஒட்டிய பெட்ரோலிய எண்ணெய் அடையில் இருக்கும் முட்டைமேல் படுவது எண்ணெய்க் கசிவுகளில் நடப்பது. அமெரிக்காவின் பட்டக்ஸன்ட் வனவிலங்கு ஆய்வு மையத்தில் பீட்டர் ஆல்பர்ஸும் டேவிட் ஹாஃப்மனும் 1970களின் பிற்பாதியில் மல்லார்ட் வாத்து முட்டைகளின்மேல் எண்ணெயைத் துளியிலும் துளியாக வைத்தார்கள், சில மைக்ரோலிட்டர் மட்டும். கருக்கள் செத்தன. துளைகள் அடைபட்டு மூச்சு முட்டியதால் இருக்கும் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். ஆனால் நறுமண வளையங்கள் (கார்பன் அணுக்கள் வளையமாக இணைந்த அமைப்பு) இல்லாத பாரஃபின் கலவையை அதே அளவில் வைத்தபோது அந்தச் சாவு நேரவில்லை. எனவே கொன்றது அடைப்பு அல்ல, எண்ணெயில் இருந்த பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். டீசல் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் குப்பை எரியும் புகையிலும் தூசித் துகள்களின்மேல் ஒட்டிக்கொண்டு வருவது இதே குடும்பம். தூசி வெளியே நின்றாலும் அதன் முதுகில் ஏறிவந்த சரக்கு கொழுப்பில் கரையும் தன்மையால் உள்ளே இறங்கக்கூடும் என்பதற்கு இந்தச் சோதனைகள் இடம் தருகின்றன.

ஓட்டின் வழியே வருவது பற்றிச் சொல்லத்தக்கது பெரும்பாலும் இவ்வளவுதான். எல்லோரும் ஓட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, மாசின் பெரும்பங்கு வேறு வாசல் வழியாக வருகிறது. ஓடு உருவாகும் முன்பே, தாயின் உடல் வழியாக.

இதற்கு நெதர்லாந்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். அங்கே வேலுவே பகுதியில் பூந்தர்கம்ப் என்றொரு காடு. மணற்பாங்கான, சத்தில்லாத மண். நம் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய உறவான கிரேட் டிட் குருவிகளை அங்கே மரப்பெட்டிகளில் கூடு கட்டவைத்துப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தார்கள். 1980களில் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களுக்குக் குழப்பம். ஓடு மெலிந்து, துளை மிகுந்து, தொட்டால் நொறுங்கும் முட்டைகள். நீர் வற்றிச் சுருங்கிய முட்டைகள். ஒன்றுமே இல்லாத கூட்டின்மேல் அடை உட்கார்ந்திருக்கும் தாய்க்குருவிகள். 1983, 84இல் குருவிகளில் பத்து சதவீதத்தின் முட்டைகளில் இந்தக் குறை இருந்தது. 1987, 88இல் அது நாற்பது சதவீதம். இதை டிரென்ட், வோல்டென்டார்ப் என்னும் இருவர் 1989இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

ஓடு மெலிந்தால் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியை நினைப்பது அந்தக் காலத்துப் பழக்கம். இங்கே டிடிடி இல்லை. காரணத்தைத் தேடிப் பிடித்தவர் யாப் கிராவ்லாந்து என்னும் நெதர்லாந்து ஆய்வாளர். குருவியின் உடற்கணக்கை முதலில் பார்க்க வேண்டும். 18 கிராம் எடையுள்ள தாய் நாளுக்கு ஒன்றாக எட்டோ பத்தோ முட்டைகள் இடுகிறாள். அத்தனை ஓட்டுக்கும் தேவையான கால்சியம் அவளுடைய எலும்புக்கூடு முழுவதிலும் இருப்பதைவிட அதிகம். எலும்பைக் கரைத்து ஓடு செய்ய வழியில்லை. அன்றன்றைக்குத் தின்று அன்றன்றைக்குச் செய்ய வேண்டும். புழுவிலும் பூச்சியிலும் கால்சியம் சொற்பம். எனவே முட்டையிடும் நாட்களில் அவள் மாலையில் தரையிறங்கித் தேடுவது நத்தை ஓடு. பூந்தர்கம்பில் நத்தைகள் அருகிப்போயிருந்தன.

நத்தைகள் ஏன் அருகின? சத்தில்லாத மண்ணில் அமிலம் விழுந்து, இருந்த கொஞ்சம் கால்சியத்தையும் அலசிக் கொண்டுபோய்விட்டது. கிராவ்லாந்தும் உடனிருந்தவர்களும் இதைக் கணுக் கணுவாகச் சரிபார்த்தார்கள். கூட்டின் அருகே நத்தை ஓட்டுத் துண்டுகளை வைத்தார்கள், முட்டைகள் சரியாயின. சத்தில்லாத காட்டு மண்ணில் சுண்ணாம்பு தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். நான்கு ஆண்டில் நத்தைகள் வளமான மண்ணில் இருக்கும் அளவுக்குப் பெருகின. கால்சியம் மிகுந்த மண்ணில் நத்தைகள் குறையவே இல்லை என்பதும் தெரிந்தது. 1994இல் இது வெளியானது. சூழலியலில் இவ்வளவு நீளமான சங்கிலியை ஒவ்வொரு வளையமாகத் தட்டிப் பார்த்த ஆய்வுகள் அதிகமில்லை.

அந்த அமிலத்தின் பிறப்பிடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. புகைபோக்கிகளின் கந்தக டை ஆக்சைடு ஒரு பங்கு. நெதர்லாந்தில் இன்னொரு பெரும்பங்கு, பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் மாட்டுத் தொழுவங்களும் காற்றில் விட்ட அமோனியா. ஒரு பறவையின் முட்டைக்காக வளர்த்த பண்ணை இன்னொரு பறவையின் முட்டை ஓட்டைக் கரைத்திருக்கிறது. வேறொன்றும் கேளுங்கள்: இதே சத்தில்லாத மண்ணிலும் பண்ணைகளின் அருகிலும் மக்கள் உட்கார்ந்து சாப்பிடும் சுற்றுலா இடங்களின் அருகிலும் கூடு கட்டிய குருவிகள் சமாளித்துக்கொண்டன. கோழிகளுக்கு இறைத்த கிளிஞ்சல் துகளும், மனிதர்கள் உரித்துப் போட்ட அவித்த முட்டையின் ஓடும் அவற்றுக்குக் கிடைத்தன.

ஓடு மெலிவதைக் கருவின் பக்கமிருந்து பார்த்தால் இரட்டை நட்டம். நீராவி அளவுக்கு மீறி வெளியேறிக் கரு உலர்ந்துபோகிறது, இது ஒன்று. ஓடு கருவுக்கு உணவுக் கிடங்கும்கூட என்பது மற்றொன்று. கோழிக் குஞ்சின் எலும்பிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஓட்டிலிருந்து கரைத்து எடுத்ததுதான். தாய்க்குக் கிடைக்காத நத்தை, குஞ்சின் எலும்பில் குறைகிறது.

பின்லாந்தின் தென்மேற்கில் ஹார்யாவால்டா என்ற சிறு நகரத்தில் செம்பு உருக்காலை ஒன்று இருக்கிறது. துர்க்கு பல்கலைக்கழகத்தின் டாபியோ ஈவாவும் ஏசா லெஹிகோய்னனும் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆலையின் வாசலில் தொடங்கித் தொலைவு தொலைவாகக் கூட்டுப்பெட்டிகளை வைத்து இரண்டு பறவைகளைப் பார்த்துவந்தார்கள்: அதே கிரேட் டிட், ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மே மாதம் வந்துசேரும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான். ஆலையை நெருங்க நெருங்க ஈப்பிடிப்பானின் முட்டை ஓடு மெலிந்தது, பொரியாத முட்டைகள் கூடின. அதே புகையில் வாழ்ந்த கிரேட் டிட்டின் ஓட்டில் அந்த அளவுக்குக் கேடு தெரியவில்லை. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காற்றுதான் நேரடியாக முட்டையைத் தாக்குகிறது என்றால் அடுத்தடுத்த பெட்டிகளில் இருக்கும் இரண்டு முட்டைகளும் ஒரே மாதிரி பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். தாய் எதைத் தின்கிறாள் என்பதே வேறுபாட்டைத் தீர்மானித்தது.

உலோகமும் கால்சியமும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டிபோடுகின்றன. உணவில் கால்சியம் குறைந்தால் உடல் ஈயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உள்ளே விடுகிறது. அமிலம் நத்தைகளை அழித்த இடத்தில் உருக்காலை உலோகத்தையும் தூவினால் இரண்டும் சேர்ந்து ஒன்றை ஒன்று பெருக்கும். ஈவாவின் குழு ஈப்பிடிப்பான்களுக்குக் கால்சியம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தது; உலோகத்தின் கடுமை தணிந்தது. 1990களில் ஆலை தன் புகையைப் பெருமளவு குறைத்தபின் இனப்பெருக்கம் விரைவாகத் தேறியதை அவர்கள் 2000இல் எழுதினார்கள். மண்ணில் பதிந்த உலோகம் அங்கேயேதான் இருந்தது. அப்படியிருந்தும் புகை குறைந்தவுடன் முட்டைகள் பொரிந்தன.

பாதரசத்தின் கதையும் இதே வாசலில்தான் முடிகிறது. நிலக்கரி எரியும்போதும், சிறு தங்கச் சுரங்கங்களில் பாதரசக் கலவையைச் சுடும்போதும், குப்பை எரியும்போதும் பாதரசம் ஆவியாகக் கிளம்புகிறது. ஆவியாக இருக்கும்வரை அது முட்டைக்குப் பெரிய ஆபத்தில்லை. மழையோடு சதுப்பு நிலத்தில் இறங்கி, சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றியபின், பாசியிலிருந்து பூச்சிக்கும் பூச்சியிலிருந்து மீனுக்கும் படிப்படியாகச் செறிந்து பறவைக்கு வருகிறது. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் கொக்குகளை வாட்டிய பாதரசத்தின் பெரும்பகுதி வானத்திலிருந்து இறங்கியது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையைச் சுற்றியும் இந்தப் படிகள் பதிவாகியிருக்கின்றன: மரத்துப் பாசியிலும் லைக்கனிலும் காற்றில் வந்த பாதரசம், ஏரி மீனின் உடலிலும் பாதரசம்.

மெத்தில் பாதரசத்தைத் தாய் பெரும்பாலும் வெள்ளைக்கருவில் வைக்கிறாள். குப்பை எரியும் புகையில் வரும் டையாக்ஸின் போன்ற, கொழுப்பில் கரையும் நஞ்சுகள் மஞ்சள்கருவுக்குப் போகின்றன. கொடுமையாகச் சொன்னால், முட்டையிடுவது தாய்க்கு ஒரு கழிவு வழி. அவள் உடல் இலேசாகிறது, சுமை கருவுக்கு மாறுகிறது. தமிழில் இரண்டுக்குமே கரு என்றே பெயர் வைத்திருக்கிறோம், வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்று. கரு உண்பதும் அதைத்தான்.

எந்தப் பறவை எவ்வளவு தாங்கும்? பட்டக்ஸன்ட் மையத்தின் கேரி ஹைன்ஸ் குழு 26 வகைப் பறவைகளின் முட்டைகளில் மெத்தில் பாதரசத்தை ஊசியால் செலுத்தி 2009இல் ஒரு வரிசை கொடுத்தது. வெள்ளை அரிவாள் மூக்கன், விராலடிப்பான், சிறு வெண்கொக்கு வகை ஒன்று ஆகியவற்றின் கருக்கள் எளிதில் செத்தன. கோழி நடுத்தரம். மல்லார்ட் வாத்தும் நீர்க்காகமும் நன்றாகத் தாங்கின. நெடுங்காலம் ஆய்வகங்களில் அளவுகோலாக இருந்தது மல்லார்ட் வாத்து என்பதை இந்த வரிசையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வாத்துக்குப் பாதுகாப்பான அளவு அரிவாள் மூக்கனுக்குப் பாதுகாப்பு ஆகாது. ஊசியில் ஏற்றிய பாதரசம் தாய் வைத்த பாதரசத்தைவிடக் கடுமையானது என்பதையும் ஹைன்ஸே சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த எண்களை வரிசைக்குப் பயன்படுத்தலாம், வரம்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

டையாக்ஸினுக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களுக்கும் இந்த வரிசை வேறு மாதிரி அமைகிறது. அந்த நஞ்சுகள் உயிரணுவுக்குள் ஏஹெச் ஏற்பி என்னும் ஒரு புரதத்தோடு இணைந்து வேலை செய்கின்றன. அந்தப் புரதத்தில் 324ஆம், 380ஆம் இடங்களில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு பறவையின் கரு இலேசில் சாகும் அல்லது நூறு மடங்கு தாங்கும். இங்கே கோழிதான் மிக மென்மையான பக்கம். சுவீடனின் பியோர்ன் புருன்ஸ்ட்ரோம் 1990 வாக்கில் கோழி, வான்கோழி, வாத்து, ஈடர் வாத்து முட்டைகளில் இந்த ஹைட்ரோகார்பன்களைச் சோதித்தபோதும் ஒரே குடும்பத்துப் பொருட்களுக்குள் நஞ்சின் கடுமை பெரிதும் வேறுபட்டது. ‘புகை’ என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். கருவுக்கு அது பல பொருள்.

அண்மை ஆண்டுகளில் சீன ஆய்வகங்கள் கோழி முட்டையின் காற்றறைக்குள் நுண்தூசியையும் டீசல் புகையையும் செலுத்தி, பொரிந்த குஞ்சுகளின் இதயத்திலும் நுரையீரலிலும் கேடுகளைக் காட்டியிருக்கின்றன. ஏஹெச் ஏற்பியைத் தடுத்தால் கேடு குறைகிறது என்றும் காட்டியிருக்கின்றன. நல்ல உயிர்வேதியியல். ஆனால் ஓட்டில் துளையிட்டுத் தூசியை உள்ளே வைப்பது, ஓடு செய்யும் வேலையை ஆய்வாளர் ரத்து செய்துவிடுவதாகும். அந்த ஆய்வுகளின் மனத்தில் இருப்பது மனிதக் குழந்தை. கோழிக் கரு அதற்கு மலிவான மாதிரி. தூக்கணாங்குருவியைப் பற்றி அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. விஸ்கான்சினைச் சேர்ந்த ஒலிவியா சாண்டர்ஃபுட்டும் டிரேஸி ஹாலோவேயும் 2017இல் பறவைகள் மாசுக் காற்றைச் சுவாசிப்பது பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் திரட்டிப் பார்த்து, அவை மிகச் சில இனங்களோடு நின்றுவிடுகின்றன என்று எழுதினார்கள். வளர்ந்த பறவைக்கே இந்த நிலை.

கருவின் சாவைக் கணக்கெடுப்பதில் இன்னொரு சிக்கல். பொரியாத முட்டையை நாம் கூமுட்டை என்கிறோம்; சேவல் சேராததும் கூமுட்டைதான், இரண்டாம் நாளே கரு செத்ததும் கூமுட்டைதான். உடைத்துப் பார்த்தால் இரண்டும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பறவையியலாளர்களும் பல காலம் இப்படித்தான் ‘கருவுறாத முட்டை’ என்று எழுதிவைத்தார்கள். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா ஹெமிங்ஸும் டிம் பர்க்ஹெட்டும் மஞ்சள்கருவின் சவ்வைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தபின், அப்படி எழுதப்பட்டவற்றில் பல உண்மையில் கருவுற்று, முதல் ஓரிரு நாட்களில் இறந்தவை என்று தெரியவந்தது. பொரிப்பகத்தார் புகை காட்ட அஞ்சும் நாட்களை ஒட்டித்தான் இந்தச் சாவுகளும் ஒளிந்திருக்கின்றன.

ஓடு மட்டும் சாட்சியாக நிற்கும். 1998இல் ரீஸ் கிரீன் என்பவர் பிரிட்டனின் அருங்காட்சியகங்களில் சேர்ந்துகிடந்த பூங்குருவி முட்டைகளை அளந்தார். பழைய சேகரிப்பாளர்கள் சிறு துளையிட்டு உள்ளிருந்ததை ஊதி வெளியேற்றியிருந்ததால் ஓட்டை மட்டும் எடைபோட முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே ஓடு மெலிந்துகொண்டு வந்திருந்தது. டிடிடி வயல்களுக்கு வந்தது 1940களில். மெலிவு அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மூத்தது. நிலக்கரிப் புகை தந்த அமில மழையும் அது மண்ணிலிருந்து அலசிய கால்சியமும் காரணமாக இருக்கலாம் என்றார் கிரீன். அந்தப் பூங்குருவிகளும் நத்தை தின்பவைதான்.